31 வயது மகனை இழந்த அக்கா, மாமா: அன்றாடத்தை நகர்த்த என்ன செய்யலாம்?

கேள்வி: தென்றல்வாசல்

வணக்கம். அக்காவின் மகன் இறந்து நான்கு மாதம் ஆகிறது. 31 வயது. நோய்நொடி எதுவும் இருக்கவில்லை, திடீரென்று போய்விட்டான். மனைவியும் நாலு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள், தனி வீட்டில். அவனுக்கு 27 வயதில் ஒரு தங்கை. அவள் இப்போது பெற்றோரோடு இருக்கிறாள்.

ஆறுதல் வார்த்தை கேட்டு வரவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். நாளை எப்படி நகர்த்துவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா விடிய விடிய விழித்திருந்து காலை ஆறு மணிக்குக் கண் அயர்கிறாள். தட்டை முன்னால் வைத்தால் நாலு வாய் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். அடுப்பை அணைக்க மறந்தது இரண்டு முறை. மாமா மூன்றாவது வாரமே வேலைக்குப் போய்விட்டார், மகன் பெயரையே எடுப்பதில்லை. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லை போல" என்று அக்கா என்னிடம் சொல்கிறாள். அவன் அறையைக் காலி செய்யச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்கள். அவனுடைய போன் பூட்டியபடி அலமாரியில் இருக்கிறது. அந்த நம்பருக்கு ரீசார்ஜ் முடியப்போகிறது, விட்டுவிடலாமா என்று மாமா கேட்கிறார்.

வாரத்தில் நான்கு நாள் நான் அங்கே இருக்க முடியும். இதைத் தொழிலாகச் செய்பவர்களும் இப்படிப்பட்ட வீடுகளோடு கூட இருந்து பழகியவர்களும் சொல்லுங்கள்.


பதில் 1: நிழற்குடை

சகோதரி, ரீசார்ஜை இன்றே செய்துவிடுங்கள். காரணத்தைப் போன் விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்வார்கள். புத்திர சோகம் நுழைந்த வீட்டில் முதல் ஒரு வருடத்துக்கு நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: செய்தபின் திரும்ப எடுக்க முடியாத எதையும் இப்போது செய்யக்கூடாது. வீட்டை விற்பது, வேலையை விடுவது, அறையைக் காலி செய்வது, நம்பரை விடுவது எல்லாம் அதில் அடக்கம். தள்ளிப்போட்டால் நஷ்டம் சின்னது. அவசரப்பட்டால் அந்த நஷ்டம் தீரவே தீராது.

இனி தூக்கம். படுக்கும் நேரத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். இப்போது அக்கா பதினொரு மணிக்கு எழுகிறாள் என்றால் மூன்று நாள் பத்தரைக்கு எழுப்புங்கள், அடுத்த மூன்று நாள் பத்துக்கு. எட்டு மணிக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது, முப்பது நிமிடம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்தாலும் போதும். உடலின் கடிகாரத்தை நகர்த்துவது காலை வெளிச்சம்தான். பகலில் அசந்தால் அரை மணி நேரம், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். காபி மதியத்தோடு சரி. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் பாதி உடம்பில் தங்கியிருக்கும்.

இரவில் இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். கிடந்துகொண்டே அழுவதும் யோசிப்பதும் பழகிவிட்டால், படுக்கையைப் பார்த்ததுமே மூளை விழித்துக்கொள்ளும். வேறொரு இடத்தில் ஒரு நாற்காலி, மங்கலான விளக்கு, ஒரு போர்வை, கைக்கு ஏதாவது வேலை (பூத்தையல், துணி மடிப்பது, பழைய படங்களை வரிசைப்படுத்துவது) என்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். நடு இரவில் அதையெல்லாம் தேடி எடுக்கத் தெம்பு இருக்காது. கண் செருகும்போது திரும்பப் போய்ப் படுத்தால் போதும். செய்தி வந்தது எந்த நேரம் என்றும் கவனியுங்கள். இரவில் வந்திருந்தால், பல மாதங்கள் கழிந்தும் அந்த மணிக்கு உடல் தானாக விழிப்பதுண்டு. இது ஏன் என்று அக்காவுக்குத் தெரிந்தாலே பாதி பயம் குறையும்.

தூக்க மாத்திரை மருத்துவர் எழுதினால் மட்டும். பென்சோடயசெபைன் வகை என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்தைத் தாண்ட விடக்கூடாது, பழக்கமாகிவிடும். உறவினர் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரை கூடவே கூடாது. மாமா இரவில் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கலைத்துவிடும். அதோடு மூன்று மணிக்கு எழுந்து உட்காருபவரிடம் துக்கம் இரண்டு மடங்காக வரும்.

சாப்பாட்டில் "என்ன வேணும், எப்போ வேணும்" என்று கேட்காதீர்கள். எதையாவது தேர்ந்தெடுப்பதே இந்த நிலையில் பெரிய உழைப்பு. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி அளவு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பெரிதாக மெல்ல வேண்டியிராததாக, கையிலேயே கொடுத்துவிடுங்கள். துக்கத்தில் தொண்டை இறுகியது போல இருக்கும். பெரிய தட்டைப் பார்த்தாலே ஒதுக்கத் தோன்றும். தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் படும்படி வையுங்கள். வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் ஏழு நாள் டப்பாவில் நீங்களே நிரப்பி வையுங்கள். "காலையில் போட்டேனா?" என்ற கேள்விக்கு அவர்கள் நினைவை இப்போது நம்ப முடியாது.

அடுப்பை மறப்பது புத்தி பேதலிப்பு இல்லை. தூக்கமின்மையும் ஓயாத ஒரே நினைவும் கவனத்தைத் தின்றுவிடுகின்றன. அதற்காகச் சமையலறையையே பிடுங்கிக்கொள்ளாதீர்கள், நறுக்குவது, கழுவுவது அவள் கையில் இருக்கட்டும். அடுப்பைப் பற்றவைக்கும்போது டைமரை ஓட விட்டு, அந்த டைமரை அவள் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிவிடுங்கள். சமையலறையில் வைத்த டைமர் அடுத்த அறையில் அழுதுகொண்டிருப்பவருக்குக் கேட்காது. நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் அடுப்பும் வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம். இது மாமாவுக்கும் சேர்த்துத்தான்.

மேசை மேல் ஒரே ஒரு நோட்டு. யார் வந்தார்கள், எதில் கையெழுத்துப் போட்டார்கள், யாருக்குத் திரும்ப போன் பண்ண வேண்டும், எல்லாம் தேதி போட்டு அதிலேயே. துண்டுச் சீட்டுகள் தொலையும்.

இன்னொன்று முக்கியம். நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், "துக்கம்தான் அடைக்குது" என்று வீட்டிலேயே உட்காரக்கூடாது. கடும் அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் இடது கீழறை பலூன் போல உப்பி, மாரடைப்பு மாதிரியே வலிக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவம் என்பதால் தகோட்சுபோ என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். ஆனால் அது தகோட்சுபோவா, நிஜமான மாரடைப்பா என்பதை மருத்துவமனையில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.


பதில் 2: கரையோரம்

போன் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல அது ஆன்ல இருக்கா பாருங்க. ஆன்ல இருந்தா சார்ஜ் இறங்க விடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. போன் ஒருமுறை அணைஞ்சு திரும்ப வந்தா, முதல் தடவை பின் நம்பர் போட்டே ஆகணும். அதுவரைக்கும் உள்ளே இருக்கிறது எல்லாம் பூட்டின பெட்டி. ஆளாளுக்குப் பிறந்த நாள், கல்யாண நாள்னு போட்டுப் பார்க்காதீங்க. தப்பு கூடக் கூட காத்திருக்கிற நேரம் கூடும். ஐபோன்ல அப்படி ஒரு செட்டிங் போட்டிருந்தா பத்துத் தப்போட எல்லாமே அழிஞ்சுடும். மனைவிக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்களைத்தான் கேட்கணும். கடைக்காரர் "திறந்து தர்றேன்"னு சொன்னா, உள்ளே இருக்கிறதை அழிக்காமத் திறப்பாரான்னு ரெண்டு தடவை கேளுங்க. பெரும்பாலும் அழிச்சிட்டுத்தான் திறப்பாங்க.

நம்பரை ஏன் விடக்கூடாதுன்னா, ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும். வங்கி, இன்சூரன்ஸ், ஆபீஸ் பாக்கி, ஈமெயில் எல்லாம் முடியற வரை சிம் உயிரோட இருக்கணும். நம்பரை விட்டா கொஞ்ச காலத்துல கம்பெனி அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடும். அப்போ அம்மாவோட காண்டாக்ட்ல மகன் பேருக்கு நேரா முன்பின் தெரியாத ஒரு முகம் வரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா 120 நாள் இணைப்பே இல்லாம இருந்தா கணக்கு அழிஞ்சுடும். குடும்பக் குரூப்ல அவன் பேரைப் போட்டு "வெளியேறினார்"னு ஒரு வரி வரும். நடுச்சாமத்துல அந்த வரியைப் பார்க்கிற அம்மாவை நினைச்சுப் பாருங்க. நாலு மாசம்னு சொல்றீங்க, 120 நாள் ஏறக்குறைய வந்தாச்சு. போனைத் திறக்க முடிஞ்சா உடனே ஒருமுறை இணையத்துல இணைச்சு வாட்ஸ்அப்பைத் திறங்க. முடியலைன்னா, அந்த வரி வரலாம்னு அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

எல்லாரும் மகன் போனையே பார்ப்பாங்க, அக்காவோட சொந்த போனை மறந்துடுவாங்க. அவன் அம்மாவுக்கு அனுப்பின குரல் செய்திகள் அதுலதான் இருக்கு. "அம்மா, கிளம்பிட்டேன், ஒன்பது மணிக்கு வந்துடுவேன்"னு ஆறு செகண்டு ஓடுற ஒண்ணு. இப்போ அதுதான் அந்த வீட்டுல இருக்கிற பெரிய சொத்து. அந்த போன் கீழே விழுந்து உடைஞ்சா போச்சு. ஆண்ட்ராய்டுன்னா வாட்ஸ்அப் போல்டருக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாய்ஸ் நோட்ஸ்னு இருக்கும். கோப்பெல்லாம் ஓபஸ்னு முடியும். அந்த போல்டரை முழுசா கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணுங்க. ஐபோன்னா ஒவ்வொரு குரல் செய்தியையும் அழுத்திப் பிடிச்சு பார்வர்டு, ஷேர் வழியா சேமிக்கணும், இல்லைன்னா அந்தச் சாட்டை மீடியாவோட எக்ஸ்போர்ட் பண்ணணும். எக்ஸ்போர்ட்ல எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ரொம்பப் பழசு விட்டுப்போகும். அதனால முடிச்சதும் முதல் தேதி எதுன்னு திறந்து பாருங்க. மூணு பிரதி வைங்க: கம்ப்யூட்டர்ல ஒண்ணு, தனி ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, இன்னொரு வீட்டுல ஒண்ணு. ஒவ்வொண்ணையும் திறந்து, ஒலி வருதான்னு கேட்டுட்டுத்தான் முடிச்சதா அர்த்தம். கேட்கிற வேலையை அக்காகிட்ட விடாதீங்க. நீங்க தனியா உட்கார்ந்து ஹெட்போன்ல செய்யுங்க.

கூகுள் கணக்கு ரெண்டு வருஷம் யாரும் தொடாம இருந்தா நிறுவனமே அழிக்கலாம், போட்டோவும் சேர்ந்து போயிடும். ஆப்பிள்ல அவன் யாரையாவது மரபுத் தொடர்பாளரா (தனக்குப் பிறகு கணக்கைத் திறக்க அனுமதிச்ச ஆளா) முன்னாடியே போட்டிருந்தா, அந்தச் சாவி எழுத்தும் இறப்புச் சான்றிதழும் கொடுத்து, அனுமதி கிடைச்ச நாள்லேர்ந்து மூணு வருஷம் வரை தரவை எடுக்கலாம். பேஸ்புக்கை நினைவுக் கணக்கா மாத்துறதுக்கு முன்னாடி யோசிங்க. மாத்தின பிறகு யாராலயும் உள்ளே நுழைய முடியாது. பிறந்த நாள் அறிவிப்பு எல்லாருக்கும் போறது நிக்கும், அது நல்லது. ஆனா வேண்டிய படங்களை இறக்கி முடிச்ச பிறகு செய்யுங்க. இதுல எதுவும் மனைவிக்குத் தெரியாம நடக்கக்கூடாது. முதல்ல கேட்க வேண்டியது அவங்களைத்தான், அவங்க படிக்க வேண்டியதும் படிக்கக்கூடாததும் அதுல இருக்கும்.

அறை. கதவைச் சாத்தி வைங்க, அவ்வளவுதான். எலி, கரையான், ஈரம் வராமப் பார்த்துக்குங்க. வாரம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்து மூடினா போதும். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவசரம்: துவைக்காத சட்டை. வாசனைங்கிறது காத்துல கரைஞ்சு போற பொருள். மெல்லிய பாலிதீன் பை அதைத் தடுக்காது. நல்லா இறுகுற மூடி போட்ட கண்ணாடி ஜாடியில, கை படாம மடிச்சு, இருட்டான இடத்துல வைங்க. ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும், அதனால காய்ஞ்ச துணியா இருக்கணும். காலர் உள்பக்கம் வந்தா இன்னும் நல்லது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் போகும். அதனால ரெண்டா பிரிங்க. தினமும் கட்டிப்பிடிச்சுக்க ஒரு சட்டை வெளியே, இன்னொண்ணு ஜாடிக்குள்ள. நல்ல எண்ணத்துல உறவுக்காரங்க மொத்தத் துணியையும் துவைச்சு அடுக்கிடுவாங்க, அதுக்கப்புறம் எதைக் கொடுத்தாலும் அதைத் திருப்ப முடியாது. அலமாரி சாவியை நீங்க வாங்கி வைங்க.

பிற்பாடு பிரிக்கணும்னு அக்காவே சொன்னா, ஒரு தடவைக்கு அரை மணி நேரம், ஒரு டிராயர். மூணு பெட்டி: வைக்கிறது, கொடுக்கிறது, இப்போ தெரியலை. மூணாவது பெட்டிதான் நிறையும். அதுல தேதி எழுதி ஆறு மாசம் மூடி வைங்க.


தென்றல்வாசல்

கரையோரம், மருமகளிடம் பேசினேன். அவளுக்குப் பின் தெரியும். போன் ஆனில்தான் இருக்கிறது, 11 சதவீதம் இருந்தது, சார்ஜில் போட்டுவிட்டேன். அக்கா போனிலிருந்து 412 குரல் செய்திகள் காப்பி ஆகியிருக்கின்றன.

ஆட்கள் பற்றித்தான் இன்னும் கேட்க வேண்டும். மாமாவின் மௌனம், குழந்தைக்கு என்ன சொல்வது, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்" என்று வெளியே யாராவது கேட்டால் அக்கா என்ன சொல்வாள்? போன வாரம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.


பதில் 3: மண்வாசம்

இரண்டு பதில்களை எழுதி, வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். ஒன்று முன்பின் தெரியாதவர்களுக்கு: "ரெண்டு பேர்." அவ்வளவுதான், அது பொய் இல்லை. அடுத்த கேள்வி வந்தால் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேச்சை அவர்கள் பக்கம் திருப்பிவிடலாம். இன்னொன்று தொடர்ந்து பழகப் போகிறவர்களுக்கு: "ரெண்டு பேர். மகன் இந்த வருஷம் தவறிட்டான். அவனைப் பத்திக் கேட்டா சொல்லுவேன், ஆனா இன்னைக்கு வேண்டாம்." ஒரே ஒரு பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்த இரவில், அவனை மறுதலித்தது போலத் தோன்றித் தூக்கம் போகும். அதைத் தவிர்க்கத்தான் எண்ணிக்கையை மாற்ற வேண்டாம் என்கிறேன்.

வெளியே திடீரென்று அழுகை முட்டினால் அடக்க முயல்வதைவிட அதற்கு வழி வைத்துக்கொள்வது நல்லது. எங்கே போனாலும் வெளியேறும் வாசல் எது என்று முதலில் பார்த்துக்கொள்வது, கூட்டம் குறைந்த நேரத்தில் போவது, கூட வருபவரோடு ஒரு சைகை பேசி வைப்பது. குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதும் அப்படியே. அலை பொதுவாகச் சில நிமிடங்களில் தணியும். பயந்து வீட்டுக்கு ஓடினால் அந்த இடம் அடுத்த முறை இன்னும் பெரிதாகத் தெரியும். வாசலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, ஒரே ஒரு பொருளையாவது வாங்கிக்கொண்டு திரும்பினால் அவ்வளவு தெரியாது.

மாமாவைப் பற்றி. 1999ல் நெதர்லாந்தில் பணியாற்றிய ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது இந்த மாதிரி வீடுகளில் அப்படியே பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் ஊசலாடிக்கொண்டே இருப்பார், இரண்டும் வேண்டும் என்றார்கள். அக்கா நாளின் பெரும்பகுதி முதல் பக்கம், மாமா இரண்டாவது பக்கம். ஒருவர் அழாதது அன்பின் அளவைக் காட்டாது. மாமா எங்கே அழுகிறார் என்று பார்த்தால், குளியலறையிலோ வண்டியிலோ இருக்கும். ஐந்து கட்டங்களாகத் துக்கம் நகரும் என்று யாராவது சொன்னால் அதை வைத்து அவரை அளக்காதீர்கள். 1969ல் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து, பிள்ளையை இழந்தவர்களைப் பார்த்து அல்ல.

செய்ய வேண்டியது சின்னது. தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து நடக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வரும். அக்கா தொடங்க வேண்டிய வாக்கியம்: "இன்னைக்கு அவனைப் பத்திப் பேசலாமா?" அவர் "நாளைக்கு" என்று சொல்லலாம். ஆனால் நாளைக்கு அவரே தொடங்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் "நாளைக்கு" என்பது கதவைச் சாத்துவதாக மாறிவிடும். நீங்கள் தூது போகாதீர்கள். பிள்ளை போனால் தம்பதிகளும் பிரிந்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 1969ல் இங்கிலாந்தில் தொடங்கிய, பிள்ளையை இழந்த பெற்றோரின் அமைப்பான கம்பாஷனேட் பிரண்ட்ஸ் 1999ல் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், விவாகரத்தானவர்கள் 12 சதவீதம்தான்.

குழந்தைக்கு: "அப்பா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. திரும்ப வர மாட்டார்." கேட்க நெஞ்சு பதறும், ஆனால் இந்தச் சொற்களே வேண்டும். "தூங்குறார்" என்றால் அவள் தூங்கப் பயப்படுவாள். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலில் காத்திருப்பாள். நாலு வயதில் மரணம் திரும்பக்கூடியது என்றுதான் புரிந்துகொள்வார்கள், அதனால் இருபது தடவை கேட்பாள். இரண்டு வீட்டிலும் ஒரே வாக்கியத்தையே சொல்லுங்கள். அழுத அடுத்த நிமிடம் விளையாடப் போவாள், அதுதான் அந்த வயதின் துக்கம். அவள் முன்னால் பாட்டி அழலாம். "பாட்டிக்கு அப்பா ஞாபகம், உன்னாலே இல்லை" என்று சொன்னால் போதும்.

மருமகளோடு உறவு கெடுவது இந்த முதல் மாதங்களில்தான், பெரும்பாலும் பொருளையும் பணத்தையும் வைத்து. அவன் பெயரில் வருவதில் அவளுக்கும் குழந்தைக்கும் உள்ள பங்கை யாரும் அவள் முன்னால் விவாதிக்க வேண்டாம். கடன் கேட்டு யாராவது வந்தால் எழுத்தில் கேளுங்கள். ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறார்களா என்று தெரியாமல் பெற்றோர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பேத்தி வரும் நாள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு அக்கா கூசிப்போக வேண்டியதில்லை.

கடைசியாக அந்த 27 வயதுப் பெண். நீங்கள் அவளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வருகிற எல்லோரும் அவளிடம் "அம்மாவைப் பார்த்துக்கோ" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவளும் அண்ணனை இழந்திருக்கிறாள். நீங்கள் இருக்கும் நான்கு நாட்களில் ஒரு நாள் அவளை வெளியே அனுப்புங்கள், எங்கே என்று கேட்காதீர்கள். "இனி நீதான் எங்களுக்கு எல்லாம்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுமையைச் சுமந்தால் அவளால் தன் வேலைக்கும் திரும்ப முடியாது, அழவும் முடியாது.


தென்றல்வாசல்

மண்வாசம், அந்தக் கடைசிப் பகுதி சுருக்கென்று தைத்தது. உண்மைதான், அவளை நான் கேட்கவே இல்லை. இன்றிரவு பேசுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். அக்கா "அவன்கிட்டயே போயிடணும்" என்கிறாள். எப்போது பயப்பட வேண்டும்? அடுத்த மாதம் அவன் பிறந்த நாள், அன்றைக்கு என்ன செய்வது?


பதில் 4: நிழற்குடை

பிள்ளையை இழந்த பெற்றோரிடம் அந்த வாக்கியம் அடிக்கடி வரும். அதை அப்படியே விடாமல் நேராகக் கேளுங்கள்: "அவன்கிட்ட போகணும்னா, உயிரை விடணும்னு யோசிக்கிறியா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, கேட்காவிட்டால் தனியாக இருப்பாள். "ஏங்குறேன், ஆனா செய்ய மாட்டேன்" என்றால் தினமும் பார்த்துக்கொண்டே மருத்துவரிடமும் சொல்லுங்கள். வழி, நேரம், இடம் யோசித்திருந்தால், மாத்திரை சேர்த்து வைத்திருந்தால், பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால், அன்றே மருத்துவமனை, அதுவரை ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது. எப்படியிருந்தாலும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து இப்போதே அப்புறப்படுத்துங்கள். மாமாவிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். பேசாதவரைக் கேட்க மறந்துவிடுவோம்.

நான்கு மாதத்தில் இந்த அளவு வலி நோய் இல்லை. நீடித்த துக்கம் என்று மருத்துவம் பெயர் வைப்பதற்கு உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 குறைந்தது ஆறு மாதம் வேண்டும் என்கிறது, அமெரிக்காவின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர் 12 மாதம் என்கிறது. அந்தக் காலம் கடந்தும், அநேகமாக ஒவ்வொரு நாளும் ஏக்கம் அதே கொதிநிலையில் நின்று, குளிப்பது, சாப்பிடுவது, ஒரு ஆளோடு பேசுவதுகூட நடக்கவில்லை என்றால் துக்கத்துக்கென்றே உள்ள சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் உருவான ஒரு முறை 16 அமர்வுகள் கொண்டது. மனச்சோர்வுக்கான மாத்திரை துக்கத்தோடு சேர்ந்து வரும் மனச்சோர்வைக் குறைக்கும், மகனுக்கான ஏக்கத்தைக் குறைக்காது. இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மாத்திரை போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் வருடம் முதல் வருடத்தைவிடக் கடினமாகத் தோன்றலாம். மரத்துப்போனது விலகும், வந்து போனவர்களும் நின்றிருப்பார்கள். உங்கள் நான்கு நாட்களை ஆறாவது மாதத்தோடு முடித்துவிடாதீர்கள். இரண்டாகக் குறைத்தாலும் தொடருங்கள்.

பிறந்த நாளுக்கு முந்தைய பத்து நாட்கள்தான் பலருக்கு அந்த நாளைவிட மோசம். அதனால் திட்டத்தை இப்போதே போட்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள்: காலை யார் வீட்டில் இருப்பது, பேத்தி எத்தனை மணிக்கு வருவது, எப்போது கிளம்புவது, மாலையில் எந்த போனை எடுப்பது, எதை எடுக்க வேண்டாம். ஒரே ஒரு செயல் போதும். அவனுடைய படங்களில் ஒன்றைச் சுவரில் மாட்டுவது, அவன் நண்பர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கி வைப்பது, எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் முடிவதாக இருக்கட்டும். நண்பர்களிடம் கேட்பதாக இருந்தால் இன்றே கேளுங்கள், எழுத அவர்களுக்கும் நாளாகும். மாமா அன்றைக்கும் வேலைக்குப் போகிறேன் என்றால் போகட்டும். மாலை எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை மட்டும் அந்தத் தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.